காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: வீட்டிலேயே மாட்டுவதா, பட்டறையில் கொடுப்பதா?

பெரிய கம்பெனிகள் சிலவற்றைத் தவிர்த்தால், திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரைக்குக் கீழ் முழுசாக உருவாவது அபூர்வம். நிட்டிங் ஒரு இடம், சாயம் ஒரு இடம், காம்பாக்டிங் ஒரு இடம், பிரின்டிங்கும் எம்பிராய்டரியும் வேறு வேறு இடம். எதைச் சொந்தக் கம்பெனியில் செய்வது, எதை ஜாப் ஒர்க்குக்கு அனுப்புவது என்ற கணக்கு இந்த ஊரில் எல்லோருக்கும் அத்துப்படி.

அதே கணக்குதான் இப்போது கார் வைத்திருக்கும் இளைஞர்களிடமும் ஓடுகிறது. ஸ்விஃப்ட், ஐ20, போலோ மாதிரி ஒரு ஹேட்ச்பேக். அலாய் வீல் மாட்டியாச்சு. ஆனால் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி கண்ணை உறுத்துகிறது. வண்டி “உட்கார்ந்த மாதிரி” இருக்கோணும். அதற்கு லோயரிங் ஸ்பிரிங். கிட்டை ஆன்லைனில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே மாட்டிவிடலாமா? இல்லை, பட்டறையில் கூலி கொடுத்து மாட்டுவதா?

பதில் ஒரே வார்த்தையில் இல்லை. பின்பக்கத்துக்கு ஒரு பதில், முன்பக்கத்துக்கு ஒரு பதில். சட்டத்துக்கு இன்னொரு பதில்.

ஸ்பிரிங் மாறினால் என்ன மாறும்?

லோயரிங் ஸ்பிரிங் என்பது ஒரிஜினலைவிட நீளம் குறைந்த, பெரும்பாலும் அதைவிட விறைப்பான சுருள். ஜெர்மனியின் ஐபாக், ஹெச் அண்ட் ஆர் போன்ற கம்பெனிகள் ஒவ்வொரு காருக்கும் தனித்தனியாகச் செய்கின்றன. தெருவில் ஓட்டுவதற்கான கிட் என்றால் வழக்கமாக 25 முதல் 40 மில்லிமீட்டர் வரை இறக்கும். காரின் எடை மையம் தரைக்குக் கொஞ்சம் நெருங்கும். வளைவில் திரும்பும்போது பாடி சாய்வது குறையும். ஸ்டீயரிங் சுறுசுறுப்பாகத் தெரியும். வெறும் அழகுக்காக மட்டும் என்று சொல்லிவிட முடியாது.

பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. 80-களில் உள்ளூரிலேயே ஃபார்முலா கார்களைக் கட்டிய எஸ்.கரிவர்தன் பெயரில் அமைந்த டிராக் அது. 2005-ல் ஃபார்முலா 1 பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். அந்த டிராக்கில் ஓடும் கார்கள் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். காரணம் சுலபம்: டிராக் வழவழப்பானது, அங்கே வேகத்தடை கிடையாது.

பல்லடம் ரோடும் மங்கலம் ரோடும் அப்படி இல்லையே.

ஸ்பீடு பிரேக்கர் கணக்கு

இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு வேகத்தடைக்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. பொதுவான சாலையில் 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் கொண்ட மெல்லிய வளைவு. 25 கி.மீ. வேகத்தில் கார் ஏறி இறங்க வேண்டும் என்பது கணக்கு.

மாருதி ஸ்விஃப்ட்டின் கிரவுண்ட் கிளியரன்ஸ் 163 மி.மீ. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2,450 மி.மீ. வேகத்தடையின் அகலம் இதைவிட அதிகம் என்பதால், நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் அந்த மேட்டின் மேலேயே இருக்கும். அப்போது நடு வயிற்றுப் பகுதிக்குள் மேடு ஏறி வருவது சுமார் 44 மி.மீ. மட்டுமே. ஸ்விஃப்ட்டை 30 மி.மீ. இறக்கி, கிளியரன்ஸ் 133 ஆனாலும் கார் கவலைப்படாமல் தாண்டும்.

சிக்கல் அந்த அளவில் கட்டாத வேகத்தடையில் இருக்கிறது. தெருவாசிகளே சிமென்ட் போட்டு எழுப்பிய, ஒன்றரை அடி அகலத்தில் செங்குத்தாக நிற்கும் மேடு. முன் சக்கரம் தாண்டி இறங்கிவிடும், பின் சக்கரம் இன்னும் ஏறவில்லை. மேட்டின் முழு உயரமும் காரின் வயிற்றுக்கு நேராக நிற்கும். அது 150 மி.மீ. என்றால், ஒரிஜினல் உயரத்திலேயே காலி வண்டிதான் தப்பிக்கும். 133-ல் நிச்சயம் உரசும். உரசுவது பெரும்பாலும் பிளாஸ்டிக் பம்பர் அல்ல. எக்ஸாஸ்ட் குழாய், சில கார்களில் இன்ஜின் ஆயில் சம்ப். சம்பில் விரிசல் விழுந்து ஆயில் ஒழுகியதைக் கவனிக்காமல் ஓட்டினால், செலவு ஸ்பிரிங் விலையைத் தாண்டி இன்ஜின் விலைக்குப் போய்விடும்.

இதெல்லாம் காலி வண்டிக்கான கணக்கு. திருப்பூர் கார் காலியாக ஓடுவது எப்போது? பின்னால் மூணு பேர், டிக்கியில் சாம்பிள் பீஸ் நிறைந்த ரெண்டு அட்டைப்பெட்டி, ஒரு ரோல் துணி. ஏற்கெனவே குள்ளமான ஸ்பிரிங் இன்னும் அமுங்கி, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் கட்டையில் போய் ‘டம்’ என்று முட்டும். ஸ்பிரிங் வாங்கும் முன், தினமும் போகும் வழியில் இருக்கும் மோசமான மேட்டை ஒரு டேப்பால் அளந்துவிட்டு வருவது நல்லது. ஓசிதானே.

பின்பக்கம்: வீட்டில் செய்யக்கூடியது

இந்த வகைக் கார்களில் பெரும்பாலானவற்றின் பின்பக்கம் டார்ஷன் பீம் அமைப்பு. ஸ்பிரிங் தனி, ஷாக் அப்சார்பர் தனி. பீமுக்கும் பாடிக்கும் நடுவே ஸ்பிரிங் சும்மா உட்கார்ந்திருக்கும்.

காரைத் தூக்கி, பாடியை ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியிலோ ஹாலோ பிளாக் கல்லிலோ அல்ல. ஹாலோ பிளாக் எச்சரிக்கை எதுவும் கொடுக்காமல் நொறுங்கும். கீழே ஆள் இருக்கும்போது அது நடந்தால் பேசுவதற்கு ஒன்றுமில்லை. பிறகு பீமுக்குக் கீழே இன்னொரு ஜாக்கியை முட்டுக் கொடுத்து, இரண்டு ஷாக் அப்சார்பர்களின் கீழ் போல்ட்டையும் கழற்றி, ஜாக்கியை மெதுவாக இறக்கினால், ஸ்பிரிங் தளர்ந்து கையோடு வந்துவிடும். பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் இழுபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புது ஸ்பிரிங்கைப் பழைய ரப்பர் இருக்கையிலேயே, சுருளின் நுனி சரியான பள்ளத்தில் உட்காரும்படி வைத்து, ஏற்றி, போல்ட்டை மாட்டலாம். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. கழற்றிய அந்த போல்ட்டைக் கார் தொங்கும்போதே கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. சக்கரம் தரையில் பதிந்து வண்டி தன் எடையில் நிற்கும்போது இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். பட்டறைகளிலும் அவசரத்தில் அடிக்கடி விட்டுப்போகிற விஷயம் இது.

ஸ்பேனர் பிடித்துப் பழகிய ஒருவருக்கு, துணைக்கு இன்னொரு ஆளோடு, பின்பக்கம் ஒரு காலைப் பொழுது வேலை.

முன்பக்கம்: அந்த ஒரு நட்டு

முன்னால் இருப்பது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். இங்கே ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒரே உருப்படி. ஷாக்கின் உடம்பில் ஒரு தட்டு, மேலே டாப் மவுன்ட், இரண்டுக்கும் நடுவே ஸ்பிரிங் அமுக்கப்பட்ட நிலையில் சிறைப்பட்டிருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது ஷாக் ராடின் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு நட்டு.

அந்த நட்டு கழன்றால் என்ன ஆகும்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு மில்லிமீட்டர் அமுக்க 20 நியூட்டன் விசை கேட்கும் ஸ்பிரிங்கை 150 மி.மீ. அமுக்கி வைத்தால், அது 3,000 நியூட்டன் விசையோடு, அதாவது சுமார் 300 கிலோ பாரத்துக்குச் சமமாகத் திமிறும். உள்ளே தேங்கியிருக்கும் ஆற்றல் 225 ஜூல். 10 கிலோ அரிசி மூட்டை 2.3 மீட்டர் உயரத்திலிருந்து தலையில் விழுவதற்குச் சமம். அது கண் இமைக்கும் நேரத்தில், டாப் மவுன்ட்டை முன்னே தள்ளிக்கொண்டு, குனிந்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும்.

அதனால்தான் முதலில் ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு, டாப் மவுன்ட்டில் பாரம் துளியும் இல்லை என்று கையால் ஆட்டிப் பார்த்துவிட்டே நட்டைத் தொட வேண்டும் என்கிறார்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது கொக்கி வகை: நீள மரையாணி இரண்டு, ஒவ்வொன்றிலும் மேலும் கீழும் கொக்கி. இரண்டும் நேரெதிராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் சில சுற்று, மறு பக்கம் சில சுற்று என்று மாறி மாறி இறுக்க வேண்டும். இம்பாக்ட் கன் கூடவே கூடாது. ஒரு கொக்கி வழுக்கினாலும் ஸ்பிரிங் வில் மாதிரி வளைந்து பக்கவாட்டில் தெறிக்கும். நல்ல பட்டறைகளில் இருப்பது சுவரிலோ ஸ்டாண்டிலோ பொருத்திய, தாடைகள் கொண்ட கம்ப்ரஸர். முன்பக்கத்தில் கூலி கொடுப்பதன் முழு நியாயமும் அந்த ஒரு கருவியில்தான் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், புது ஸ்பிரிங் குட்டை என்பதால் அதை உள்ளே வைக்கப் பெரிதாக அமுக்கத் தேவையே இருக்காது. ஆபத்து முழுக்கப் பழையதை வெளியே எடுப்பதில். “மாட்டுறது ஈஸி” என்று சொல்லும் வீடியோக்கள் பொய் சொல்லவில்லை, பாதியைச் சொல்கின்றன.

இன்னொரு சின்னத் தப்பு: நட்டைத் திருப்பும்போது ராடும் சேர்ந்து சுற்றும். அதைப் பிடிக்கக் கட்டிங் பிளேயரைப் போட்டால் வழவழப்பான ராடில் கீறல் விழும். அந்தக் கீறல் மேலும் கீழும் போகும்போது ஆயில் சீலைக் கிழித்து, சில வாரங்களில் ஷாக் ஒழுக ஆரம்பிக்கும். ராடின் தலையில் ஆலன் கீ போட இடம் இருக்கும். அதைப் பயன்படுத்த வேண்டும்.

பாதி வீட்டில், பாதி ஜாப் ஒர்க்கில்

இங்கேதான் திருப்பூர் மூளை உதவுகிறது. முழு வேலையையும் ஒரே இடத்தில் செய்தாக வேண்டும் என்று யார் சொன்னது?

ஸ்ட்ரட்டை முழுசாக, நடு நட்டைத் தொடாமல், வண்டியிலிருந்து கழற்றுவதில் ஸ்பிரிங் ஆபத்து கிடையாது. சக்கரம், லிங்க் ராடு, பிரேக் ஹோஸ் கிளிப், ஏபிஎஸ் வயர், நக்கிளைப் பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட், மேலே மவுன்ட் நட்டுகள். அவ்வளவுதான். கழற்றியதும் நக்கிள் வெளிப்பக்கம் சாயும். அப்படியே விட்டால் டிரைவ் ஷாஃப்டின் ஜாயின்ட் பிடுங்கிக்கொள்ளும், பிரேக் ஹோஸ் எடையைத் தாங்கும். ஆகவே ஒரு கட்டுக்கம்பியால் கட்டி நிறுத்த வேண்டும். பிறகு இரண்டு ஸ்ட்ரட்டையும் ஸ்கூட்டியின் முன்னால் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போய், ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரச் சொல்லி வாங்கி வரலாம். கூலியும் குறையும், உயிரும் தப்பும்.

இதற்கு ஒரு நிபந்தனை: டார்க் ரெஞ்ச் வேண்டும். நக்கிள் போல்ட் எவ்வளவு இறுக்கம் என்பது ஒவ்வொரு காரின் சர்வீஸ் மேனுவலிலும் இருக்கும். கை பலத்தை நம்பி இறுக்கும் இடம் இது அல்ல. பல கம்பெனிகள் இந்த இடத்து லாக் நட்டுகளைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்கின்றன. புது நட்டுகளை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை தேடி அலைய முடியாது.

ஜாக்கி ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச், சாக்கெட் செட் எல்லாம் புதுசாக வாங்கினால் ஒரே ஒரு தடவைக்கு வீட்டில் செய்வது லாபமே இல்லை. ஏற்கெனவே கைவசம் இருக்கிறவர்களுக்கும், நாலு நண்பர்கள் சேர்ந்து வாங்குகிறவர்களுக்கும்தான் கணக்கு சரிவரும்.

கட் ஸ்பிரிங் வேண்டாம்

எதற்குக் கிட்டுக்குக் காசு, ஒரிஜினல் ஸ்பிரிங்கையே ஒரு சுற்று அறுத்துவிட்டால் போச்சு என்று சொல்லும் ஆட்களும் உண்டு. அறுத்தால் கார் இறங்கும் என்பது உண்மை. ஆனால் அறுத்த நுனி இருக்கையில் தட்டையாக உட்காராது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் மாறலாம். கேஸ் கட்டரால் அறுத்தால் அந்தச் சூட்டில் எஃகின் பதமே போய்விடும். பிறகு அங்கே ஒடியும். சூடு காட்டி அமுங்க வைக்கும் முறையும் இதே வகைதான். வீட்டில் செய்தாலும் தப்பு, கடையில் செய்தாலும் தப்பு.

பட்டறையில் என்ன கேட்பது?

“எவ்வளவு ஆகும்ணா?” என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். டார்க் ரெஞ்ச் இருக்கிறதா, பம்ப் ஸ்டாப்பைக் குட்டையாக்குவார்களா அல்லது அப்படியே விடுவார்களா, பின் போல்ட்டைத் தரையில் நிறுத்தி இறுக்குவார்களா என்று கேட்டால், பதில் வரும் விதத்திலேயே ஆள் தெரிந்துவிடும். ஷாக் அப்சார்பர் நிலையையும் பார்க்கச் சொல்ல வேண்டும். 60,000 கி.மீ. ஓடிய ஷாக்குக்கு மேல் விறைப்பான புது ஸ்பிரிங்கை வைத்தால், ஸ்பிரிங் துள்ளும், ஷாக்கால் அடக்க முடியாது. ஹைவேயில் வண்டி குதிரை மாதிரி ஆடும்.

வீல் அலைன்மென்ட் கட்டாயம். காரை இறக்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாயும், டோ அளவும் மாறும். மாறிய டோவோடு ஓட்டினால் டயரின் உள் விளிம்பு மட்டும் தேயும். வெளியே நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. கம்பி தெரியும்போதுதான் தெரியும். சில நாள் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு அலைன்மென்ட் செய்து, முன்-பின் அளவு அச்சிட்ட தாளைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஹெட்லைட் உயரமும் அன்றைக்கே சரிபார்க்கப்பட வேண்டும்.

சட்டம் யாரைக் கேட்கும்?

டையிங்கில் ஷேட் தப்பினால் பையர் சாயப்பட்டறைக்காரரைக் கூப்பிட மாட்டார். எக்ஸ்போர்ட்டரைத்தான் கேட்பார். மோட்டார் வாகனச் சட்டமும் அப்படித்தான்.

1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 52-வது பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்ட அளவுகளிலிருந்து மாறுபடும்படி வாகன உரிமையாளர் மாற்றம் செய்யக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து வந்த கே.ஜெயச்சந்திரா வழக்கில், 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்ந்தது. அனுமதி இல்லாத மாற்றத்தைச் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கவனிக்க வேண்டிய சொல் ‘உரிமையாளர்’. பட்டறை பில் கையில் இருப்பதால் மட்டும் அவர் தப்பிக்க முடியாது.

அப்படியானால் ஸ்பிரிங்கும் அந்தத் தடைக்குள் வருமா? 52-வது பிரிவின் விளக்கம், மாற்றம் என்பதை வாகனத்தின் அடிப்படை அம்சத்தை மாற்றும் அமைப்பு மாற்றம் என்று வரையறுக்கிறது. ஆர்சி புக்கில் ஸ்பிரிங் நீளத்துக்கு என்று தனிக் கட்டமும் இல்லை. 25 மி.மீ. இறக்குவது அடிப்படை அம்சத்தை மாற்றுவது ஆகாது என்று ஒருவர் வாதாட இடம் உண்டு. ஆனால் அந்த வாதத்தை ரோட்டோரம் நிறுத்திய அதிகாரியிடம் வைக்க வேண்டியிருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவில் இறக்கிய காரும், பம்பர் தரையைத் தொடும் காரும் அவர் பார்வையில் ஒன்றல்ல.

ஜெர்மனியில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஸ்பிரிங்கோடு சோதனைச் சான்றிதழ் வரும். மாட்டிய பின் டியூஃப் போன்ற அமைப்பிடம் காட்டினால், ஆய்வு செய்து வாகன ஆவணத்தில் பதிவாகும். அந்த ஜெர்மன் சான்றிதழை இங்கே ஆர்டிஓ ஆபீஸில் நீட்டினால் அதற்குச் சட்ட மதிப்பு கிடையாது. விற்பவர் “டியூஃப் அப்ரூவ்டு” என்று சொல்வது பொருளின் தரத்துக்கு அடையாளம், அனுமதிச் சீட்டு அல்ல.

இன்ஷூரன்ஸ் இன்னும் நேரடியான விஷயம். மாற்றத்தை எழுத்தில் தெரிவித்து, பதிலையும் எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். பெருமாநல்லூர் பக்கம் ஹைவேயில் விபத்து நடந்து, சொந்தச் சேதத்துக்கு கிளெய்ம் போட்டால், சர்வேயர் வண்டியைச் சுற்றி வருவார். சிவப்பு நிற ஸ்பிரிங் அவர் கண்ணில் படாமல் போகாது. வாரன்ட்டி காலத்தில் இருக்கும் காரில், சஸ்பென்ஷன் சம்பந்தமான எந்தப் புகாருக்கும் ஷோரூம் கைவிரிக்கவே வாய்ப்பு அதிகம்.

மாட்டிய பிறகு

முதல் சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை டார்க் ரெஞ்ச் போட்டுப் பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுசாகத் திருப்பி, டயர் எங்காவது உரசுகிறதா என்றும் பார்க்க வேண்டும். டிக்கியில் லோடு இருக்கும்போது இன்னொரு தடவை. நாலு ஃபெண்டரின் உயரத்தையும் டேப்பால் அளந்து ஃபோனில் குறித்துக்கொண்டால், பின்னால் ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் உடனே தெரியும்.

கழற்றிய ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் காயலான் கடைக்குப் போடக் கூடாது. வண்டியை விற்கும்போது வாங்குபவர் கேட்பார். 15 வருஷம் முடிந்து ஆர்சி புதுப்பிக்கப் போகும்போதும் தேவைப்படலாம். துருப்பிடிக்காமல் லேசாக கிரீஸ் தடவிச் சுற்றி வைத்தால் போதும். சுற்றுவதற்கு பனியன் வேஸ்ட் இந்த ஊரில் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள் இல்லை.